விழுப்புண்ணும் வேலை ஒப்பந்தமும்

2023 பிப்ரவரி 25ஆம் தேதி கார்டிஃப் நகரத்தின் பிரின்சிபாலிட்டி மைதானத்தில் வேல்ஸும் இங்கிலாந்தும் ரக்பி ஆடின. அன்று நான் மைதானத்துக்குள் இருந்தேன். ஆனால் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கே ஸ்டீவர்ட் வேலை. மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடும். மாஸ்டர்ஸ் படிக்க வந்த மாணவன் நான். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று விசா சொல்லும். அந்த 20 மணி நேரமும் கிடைக்குமா என்பது ஏஜென்சிக்காரன் கையில்.

இந்த வேலையில் கொஞ்ச நாள் நின்றால் முகங்களை வைத்தே ஆட்டத்தைப் படிக்கப் பழகிவிடுவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் யாரோ கோட்டை நோக்கி ஓடுகிறான். எல்லோரும் தலையில் கை வைத்தால் பந்து கை நழுவிவிட்டது. இன்னொரு சத்தம் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். யாரோ மோசமாக அடிபட்டுக் கிடக்கிறான் என்று அர்த்தம். பிறகு ஒரு சில வினாடி அமைதி. அவன் எழுந்து நின்றுவிட்டால் கைதட்டல் வெடிக்கும். கோல் அடித்தவனுக்குக்கூடக் கிடைக்காத கைதட்டல்.

அந்தக் கைதட்டல் மீதுதான் எனக்குக் கோபம்.

அன்றைய ஆட்டம் நடக்காமலேயே போயிருக்க வேண்டியது. அதற்கு முந்தைய வாரம் வேல்ஸ் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்திருந்தார்கள். நாட்டின் தேசிய விளையாட்டு, பரம எதிரியான இங்கிலாந்தோடு ஆட்டம், டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தாயிற்று. பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் அணியை அறிவிப்பதையே தள்ளிப்போட்டார். பிப்ரவரி 22ஆம் தேதி, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், பேச்சுவார்த்தை முடிந்து ஆட்டம் உறுதியானது. வேல்ஸ் 10–20 என்று தோற்றது. மறுநாள் பேப்பரெல்லாம் தோல்வியைப் பேசியது. வீரர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பெரும்பாலானோர் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

அவர்கள் கேட்டது மூன்று விஷயம். ஒன்று, 60 ஆட்ட விதியை எடுக்க வேண்டும். இரண்டு, சம்பளத்தை நிச்சயம், நிச்சயமற்றது என்று இரண்டாக உடைக்கும் ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும். மூன்று, தொழில்முறை ரக்பியை நிர்வகிக்கும் வாரியத்தில் வீரர்களின் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

ரக்பி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வேல்ஸில் நான்கு தொழில்முறை அணிகள் உண்டு: கார்டிஃப், ஓஸ்பிரேஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ். வீரனின் மாதச் சம்பளம் பெரும்பாலும் இந்த அணிகளிலிருந்துதான் வரும். தேசிய அணிக்குத் தேர்வாவது அதற்கு மேலே கிடைக்கும் கௌரவமும் பணமும். அந்தப் பருவத்தின் நடுவில் நான்கு அணிகளும் புதிய ஒப்பந்தம் போட முடியாத நிலை. மேலே பணப் பங்கீடு முடிவாகவில்லை. கோடைக்காலத்தோடு ஒப்பந்தம் முடியப்போகிற வீரர்கள் பல டஜன் பேர். ஜூலையில் சம்பளம் வருமா என்று தெரியாமல் பிப்ரவரியில் நாட்டுக்காக ஆடு என்றார்கள்.

சரி, வேறு ஊருக்குப் போகலாமே? அங்கேதான் 60 ஆட்ட விதி வந்து நிற்கும். வேல்ஸுக்கு வெளியே இருக்கும் கிளப்பில் ஆடுகிறவர் வேல்ஸ் அணிக்குத் தேர்வாக வேண்டுமானால் ஏற்கெனவே 60 சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ரீஸ் வெப் 2017இல் பிரான்சின் தூலோன் கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். 60க்குப் பக்கத்தில்கூட அவர் இல்லை. நல்ல ஃபார்மில் இருந்தவருக்குத் தேசிய அணியின் கதவு சாத்தப்பட்டது. வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு 60 என்பது 25 ஆனது. அப்போதும் அன்றைய இளம் வீரர் ஜோ ஹாக்கின்ஸ், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் கிளப்புக்குப் போக முடிவெடுத்ததால் தகுதி இழந்தார். இங்கே இருக்க ஒப்பந்தம் தரமாட்டோம், போனால் கொடியைத் தரமாட்டோம். நம்ம ஊரில் இதற்கு ஒரு பழமொழி உண்டு, நாயையும் வைக்கோலையும் பற்றியது. இங்கே எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது கோரிக்கைதான் என் நெஞ்சில் தைத்தது. 80:20 ஒப்பந்தம் என்று அதைச் சொன்னார்கள். சம்பளத்தில் 80 சதவீதம் நிச்சயம். மீதி 20 சதவீதம் போனஸாக வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உழைத்தவனுக்குக் கூடுதல் கூலி, யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ரக்பியில் போனஸ் வாங்க முதலில் களத்தில் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமானால் தேர்வாக வேண்டும். தேர்வாக வேண்டுமானால் உடம்பு சரியாக இருக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால்?

சரியாக இருப்பதுபோல் இருக்க வேண்டும்.

இதுதான் என் மொத்த வாதமும். சம்பளத்தைத் தேர்வோடு கட்டிவிட்டால், வலியை மறைப்பதற்குக் கூலி கொடுக்கிறோம் என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை மருத்துவ விதி எழுதினாலும் அது காகிதத்தில்தான் இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். நான் வீரன் இல்லை, என் எடைக்கு ஒரு ரக்பி வீரனின் தொடை இருக்கும். ஆனால் என் ஒப்பந்தமும் அதே சாதி. ஜீரோ ஹவர்ஸ் என்பார்கள். இத்தனை மணி நேரம் வேலை தருவோம் என்று ஏஜென்சிக்கு எந்தக் கடமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அடுத்த வாரப் பட்டியல் வரும். பெயர் இருந்தால் சாப்பாடு. அணி அறிவிப்பு மாதிரிதான்.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய டிசம்பரில், வேறொரு ஊரில், ஒரு இசை நிகழ்ச்சியில் வேலை. மழை பெய்து ஊறிய இரும்புப் படி. இறங்கும்போது முட்டி திருகிக்கொண்டது. உள்ளே ஏதோ ‘டக்’கென்று சொன்னது எனக்கே கேட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து, “ஆர் யூ ஓகே?” என்று கேட்டார். நல்ல மனிதர், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே “ஐ ஆம் ஃபைன்” என்றேன். விபத்துப் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. இன்னும் நான்கு மணி நேரம் அதே காலோடு நின்றேன். அந்த வாரமும், அடுத்த வாரமும் நின்றேன். மூன்றாவது வாரம் கழிப்பறையில் உட்கார முடியவில்லை.

அறையில் கூட இருந்த மதுரைக்காரன் கேட்டான், “ஏன்டா லூசு, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அடுத்த வாரம் கூப்பிடமாட்டாங்கடா.”

அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவனும் அதே ஏஜென்சிதான்.

என்னிடம் யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை. கேட்டவருக்கு என் மேல் அக்கறை இருந்தது. ஆனாலும் பொய் சொன்னேன். பிப்ரவரியில் வேல்ஸ் வீரர்களின் கோரிக்கையைப் படித்தபோது இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அட, இது நம்ம கதைதானே என்று பட்டது.

இப்போது தலைக்கு வருவோம். முட்டிக்கு வந்தது தலைக்கு வந்தால் என்ன ஆகும்?

ரக்பியில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அவரைத் தற்காலிகமாக வெளியே அழைத்துப்போய்ச் சோதிக்கிறார்கள். எச்ஐஏ என்று அதற்குப் பெயர், பத்துப் பன்னிரண்டு நிமிடச் சோதனை. இது எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் ஜெயித்தோமா என்று கேட்பார்கள். சில சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் நல்ல உடம்போடு எழுதிய சோதனையின் மதிப்பெண்ணோடு இதை ஒப்பிடுவார்கள். நினைவு தப்பியது, தள்ளாடியது கண்ணுக்கே தெரிந்தால் சோதனையே கிடையாது, நேரடியாக வெளியே அனுப்ப வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகும், மறுநாளோ அதற்கு மறுநாளோவும் மறுபடி சோதிப்பார்கள். பயனில்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் அதன் வரலாற்றைப் பாருங்கள். முன்பு ஒரு விதி இருந்தது. மூளையதிர்ச்சி என்றால் மூன்று வாரம் களம் கிடையாது. நரம்பியல் நிபுணர் பார்த்து விடுவித்தால்தான் அதற்கு முன்னால் வரலாம். அந்த மூன்று வாரம் போய், 2012இல் ஐந்து நிமிடச் சோதனை பரீட்சார்த்தமாக வந்தது. அயர்லாந்துக்கு ஆடியவரும் மருத்துவருமான பாரி ஓ’டிரிஸ்கல், சர்வதேச ரக்பி அமைப்பின் மருத்துவ ஆலோசகராகப் பல வருடம் இருந்தவர், அதை எதிர்த்துப் பதவி விலகினார். மூளை அதிர்ந்ததா இல்லையா என்பதை ஐந்து நிமிடத்தில் ஓரத்தில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது என்பது அவர் வாதம். பிறகு ஐந்து பத்தாகியது. 2022இல் பெரும்பாலானவர்கள் அடுத்த ஆட்டத்தைத் தவறவிட வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு ஓய்வுக்காலம் நீண்டது. மூன்று வாரத்திலிருந்து இறங்கி, பத்து வருடம் கழித்து மெதுவாகத் திரும்ப ஏறுகிறோம். இடையில் ஆடியவர்கள் யாருடைய கணக்கில்?

இந்தச் சோதனையின் பாதி, வீரன் உண்மை சொல்வதை நம்பி இருக்கிறது. தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். பருவத் தொடக்கச் சோதனையில் வேண்டுமென்றே மோசமாக எழுதி வைப்பது உண்டு என்று ஓய்வுபெற்ற வீரர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அடிபட்ட நாளில் எடுக்கும் மதிப்பெண் இறங்கினதாகவே தெரியாது. ஏமாற்றுக்காரன் என்று அவனைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். விபத்துப் பதிவேட்டைக் காலியாக விட்டவனுக்கு அந்த உரிமை இல்லை.

2015 பிப்ரவரி 6. அதே கார்டிஃப் மைதானம், அதே இங்கிலாந்து. ஜார்ஜ் நார்த்துக்கு 22 வயது. அந்த ஆட்டத்தில் அவர் தலையில் இரண்டு முறை அடிபட்டது. முதல் அடிக்குச் சோதித்துத் திரும்ப அனுப்பினார்கள். இரண்டாவது அடியில் அவர் அசைவில்லாமல் விழுந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மருத்துவக் குழு அதைப் பார்க்கவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். அவர் களத்தில் இருந்திருக்கக் கூடாது என்று பிறகு உலக ரக்பி அமைப்பே சொன்னது. அடுத்த மாதக் கடைசியில் தன் கிளப்பான நார்தாம்ப்டனுக்கு ஆடும்போது மறுபடி நினைவிழந்தார். பல மாதம் ஆட்டத்தைவிட்டு விலகியிருந்தார். 2016 டிசம்பரில் லெஸ்டருக்கு எதிரான ஆட்டத்தில் தலை தரையில் மோத விழுந்தார், சோதனை முடிந்து திரும்ப வந்தார். திரும்ப விட்டிருக்கக் கூடாது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. கிளப்புக்கு என்ன தண்டனை? எதுவும் இல்லை.

நார்த் மனதில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்ல உரிமையில்லை. அவரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. தப்பு நடந்தது என்று ஒப்புக்கொண்டு, யாருக்கும் எதுவும் ஆகாமல் கோப்பை மூடும் அமைப்பைத்தான் சொல்கிறேன். சம்பள உச்சவரம்பை மீறியதற்காக சாரசென்ஸ் கிளப்புக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டு, புள்ளிகளைப் பிடுங்கிக் கீழ்ப்பிரிவுக்கே அனுப்பியது இதே இங்கிலாந்து ரக்பி. பணக் கணக்கில் தவறினால் உயிர் போகும். தலைக் கணக்கில் தவறினால் பாடம் கற்றுக்கொள்வோம்.

விலை தெரிய வருடங்கள் ஆகும் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. 2003இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற அணியில் ஸ்டீவ் தாம்சன் இருந்தார். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு மறதிநோய் என்று அறிவித்தார். அந்த இறுதி ஆட்டம் அவருக்கு நினைவில் இல்லை. வேல்ஸுக்குத் தலைமை தாங்கிய ரயன் ஜோன்ஸ் 2022இல், 41 வயதில், இதையே சொன்னார். வேல்ஸின் அலிக்ஸ் பாபமும் அந்த வரிசையில் உண்டு. இன்று நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் ரக்பி அமைப்புகள் மீது வழக்கு நடத்துகிறார்கள். ஆட்டத்தில் விழுந்த அடிகள் மட்டும் காரணமில்லை, வாரம் முழுக்கப் பயிற்சியில் மோதியதும்தான் என்று தாம்சன் சொல்லியிருக்கிறார். 2021இல்தான் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வழிகாட்டுதல் வந்தது. கவனியுங்கள், அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் கேமரா உண்டு, சார்பற்ற மருத்துவர் உண்டு. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் யார் உண்டு? தேர்வுசெய்யப்போகிற பயிற்சியாளர் உண்டு.

நமக்கு இது புதிதா? நம் மரபில் புண்ணுக்குத் திசை உண்டு. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். கரிகாலனோடு வெண்ணியில் போரிட்ட சேரன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதனால்தான் கிழிந்த நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறவன் படத்தைப் பார்த்ததும் நமக்குப் புல்லரிக்கிறது. ‘இதுதான்டா வீரம்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். ஆனால் மூளைக்குள் படும் புண்ணுக்கு மார்பும் கிடையாது, முதுகும் கிடையாது. வெளியே தெரியவே தெரியாது. ரத்தம் வந்தால் உடனே வெளியே அனுப்பிவிடுகிறார்கள், ரத்தம் வராததற்குத்தான் சோதனை தேவைப்படுகிறது. இன்னொன்று, அந்தச் சேரன் மன்னன். தோற்றால் அவமானம், ஆனால் யாரும் அவன் சம்பளத்தை நிறுத்தப்போவதில்லை. கூலிக்கு ஆடுகிறவனிடம் மன்னனின் வீரத்தைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கூலி என்று நான் சும்மா சொல்லவில்லை. 2022 அக்டோபர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் வூஸ்டர் வாரியர்ஸ் அணி வீரர்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. கிளப்பே ஒரு கம்பெனி என்று நினைத்தால் தப்பு. வீரர்களின் ஒப்பந்தங்கள் டபிள்யூஆர்எஃப்சி பிளேயர்ஸ் லிமிடெட் என்ற தனிக் கம்பெனியின் பெயரில் இருந்தன. வரிப் பாக்கிக்காக நீதிமன்றம் அந்தக் கம்பெனியைக் கலைத்தது. அவ்வளவுதான், வேலை போச்சு. 12 நாள் கழித்து வாஸ்ப்ஸ் கிளப் திவாலாகி 167 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த ஜூனில் லண்டன் ஐரிஷ். நல்ல உடம்போடு இருந்தவர்கள் வேறு கிளப் தேடிப் போனார்கள். அந்த வாரம் ஊன்றுகோலோடு இருந்தவனை யார் எடுப்பார்கள்? அவனுடைய அறுவை சிகிச்சைக்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் பக்கத்துக் கிளப்பில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, அடுத்த முறை டாக்டர் “தலை வலிக்குதா?” என்று கேட்கும்போது என்ன பதில் வாயில் வரும்?

இதைப் பேசும்போதெல்லாம் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

“அவங்கதான் கோடி கோடியா வாங்குறாங்களே.” சிலர் வாங்குகிறார்கள். பத்து நட்சத்திரங்களின் சம்பளத்தைக் காட்டி, பட்டியலின் கடைசியில் இருக்கும் 20 வயதுப் பையனின் வாயை அடைப்பது பழைய வித்தை. அவன் முப்பதைத் தாண்டும்போது தொழில் முடிந்திருக்கும், மூளை இன்னும் 50 வருடம் வேலை செய்ய வேண்டும்.

“தெரிஞ்சுதானே ஆட வர்றாங்க.” முட்டி போகும், தோள் போகும் என்று தெரிந்து வந்தார்கள். நாற்பது வயதில் பிள்ளையின் பெயர் மறக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தெரிந்தே வருகிறார்கள் என்பது சுரங்கத் தொழிலாளியைப் பற்றியும் இதே வேல்ஸில் ஒரு காலத்தில் சொல்லப்பட்டதுதான்.

“கிளப்புகளிடம் காசில்லை.” இது மட்டும்தான் கொஞ்சம் கனமான வாதம். வேல்ஸின் அணிகளுக்கு வீரர்களுக்கான செலவு வரம்பை 52 லட்சம் பவுண்டு, அடுத்த வருடம் 45 லட்சம் என்று குறைத்தார்கள். உண்மையாகவே கையிருப்பு இல்லை. ஆனால் விளையாட்டிலேயே காசில்லை என்று சொல்லாதீர்கள். 2021இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் ஆறு நாடுகள் போட்டியின் ஏழில் ஒரு பங்கை 36.5 கோடி பவுண்டு வரை கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது. எதை வாங்கினார்கள்? அந்த மோதலைத்தான் வாங்கினார்கள். மோதலின் லாபத்தைப் பொதுவில் விற்றுவிட்டு, காயத்தின் செலவை மட்டும் ஒவ்வொரு கிளப்பின் தலையிலும், கடைசியில் வீரனின் தலையிலும் கட்டுவது கணக்கல்ல, களவு.

“அப்போ மோதலே வேண்டாம்னு சொல்றியா?” இல்லை. எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும். ஸ்க்ரம்மில் பதினாறு பேர் ஒருவரோடொருவர் பூட்டிக்கொள்ளும்போது எழும் மூச்சுச் சத்தத்தை முதுகுப்பக்கமிருந்து மட்டுமே கேட்டவன் நான். அப்போதும் எனக்குச் சிலிர்த்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். காயத்தால் வெளியே இருக்கும் வீரனுக்கு ஆடுகிறவனின் அதே சம்பளம், போனஸின் சராசரியும் சேர்த்து. தலைக்காயத்தோடு இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்தால், குணமாகும்வரை அது தானாக நீள வேண்டும். அந்தச் செலவைக் கிளப் தரக்கூடாது, தொலைக்காட்சிப் பணத்திலிருந்து ஒரு பொது நிதி தர வேண்டும், அப்போதுதான் கிளப் மூழ்கினாலும் சிகிச்சை மூழ்காது. பயிற்சிக்கும் சார்பற்ற மருத்துவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அணியைத் தேர்வுசெய்கிறவராக இருக்கக் கூடாது. வீரனின் பிரதிநிதிக்கு மேஜையில் வாக்கோடு இடம் வேண்டும். 2024 தொடக்கத்தில் தலைமோதலின் வேகத்தை அளக்கும் ஸ்மார்ட் மவுத்கார்டைச் சோதனை முறையில் சேர்த்தார்கள். நல்லது. அது பொய் சொல்லாது. ஆனால் மனிதன் உண்மை சொல்வதற்குச் செலவாகும் காசைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் பல்லில் கருவி மாட்டுவது, பசித்தவன் திருடாமலிருக்கக் கேமரா வைப்பது மாதிரி.

படிப்பு முடிந்து இப்போது வேறு வேலை. உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டு, லீவுக்குச் சம்பளம் உண்டு. போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தபோது மேலாளருக்கு யோசிக்காமல் உண்மையை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் திடீரென்று நேர்மையானவனாக மாறிவிடவில்லை. ஒப்பந்தம் மாறியிருக்கிறது.

முட்டி இன்னமும் படியிறங்கும்போது சத்தம் போடுகிறது. போகட்டும், அது முட்டிதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எந்த விளையாட்டாக இருந்தாலும், அடிபட்டு விழுந்தவன் எழுந்து நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்போது கையைத் தட்டாதீர்கள். நான் ஆடலை, எனக்குத் தலை சுத்துது என்று சொல்லிவிட்டு ஓரமாக நடந்துபோகிறவன் ஒருநாள் வருவான். கைதட்டலை அவனுக்காக வைத்திருங்கள்.